ஸ்ட்ரோக் கூட்டிய பிக்கப் எஞ்சின்: 1905 சிசி 2188 ஆன விதம்

சென்னையில் ஒரு பழைய பெட்ரோல் பிக்கப் வண்டிக்காகச் செய்த எஞ்சின் வேலையின் முழு விவரம் இது. உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் வண்டியின் பெயர், எஞ்சின் குறியீடு, பட்டறையின் பெயர் எதுவும் இதில் இல்லை. அளவுகள் எல்லாம் அந்த எஞ்சினில் எடுத்தவை. பட்டறையில் அளவெடுப்பதும் கணக்குப் போடுவதும் என் பொறுப்பு. கழற்றிப் பூட்டியது புதுப்பேட்டையில் முப்பது வருடத்துக்கு மேல் எஞ்சின் வேலை பார்த்த ஒரு மூத்த மெக்கானிக். பிஸ்டன் ஓடும் தூரத்தை (ஸ்ட்ரோக்) கூட்ட வேறு கிராங்கைப் போடும் இந்த மாதிரி வேலையில், எல்லோர் கவனமும் பிஸ்டன்களின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டான அந்தக் கிராங்கின் மேலேயே இருக்கிறது. ஆனால் வேலை நிற்பதும் விழுவதும் பிஸ்டனிலும், சிலிண்டர்கள் அமைந்த வார்ப்பிரும்பு உடலான பிளாக்கிலும்தான். இந்த வண்டியிலும் அப்படித்தான் நடந்தது.

பின்னணி

உரிமையாளருக்கு அம்பத்தூரில் சிறிய லேத் யூனிட், ஊத்துக்கோட்டை பக்கம் மாந்தோப்பு. பிக்கப் அவருடைய அப்பா 1990களில் வாங்கியது. நான்கு சிலிண்டர், புஷ்ராடு வால்வு, ஒரே ஒரு கார்புரேட்டர். தோப்புக்குள் ஒரு நீண்ட மண் சரிவு இருக்கிறது. மாங்காய்க் கூடைகளோ தண்ணீர் டேங்கோ ஏற்றிக்கொண்டு அதில் ஏறினால் இரண்டாம் கியரில் வண்டி மூச்சு வாங்கி நின்றுவிடும். முதல் கியரில் ஏறும், ஆனால் எஞ்சின் கதறும், ரேடியேட்டர் கொதிக்கும்.

அவர் கேட்டது வேகம் அல்ல, குறைந்த ஆர்.பி.எம்.மில் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) இழுவை. அதற்கு மலிவான வழி ஆக்ஸிலில் உள்ள பல்சக்கர ஜோடியான கிரௌன்-பினியனின் பல் விகிதத்தை மாற்றுவதுதான் என்று முதலிலேயே சொன்னோம். அந்த ஆக்ஸிலுக்குப் பொருந்தும் வேறு விகிதம் புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் தேடியும் அகப்படவில்லை. டீசல் எஞ்சின் மாற்றலாமா என்ற பேச்சும் வந்தது. அப்படி மாற்றினால் மவுண்டிங், கியர்பாக்ஸ், எடை என்று வண்டியே வேறாகிவிடும். அப்பாவின் வண்டி அப்பாவின் வண்டியாகவே இருக்க வேண்டும் என்பது அவருக்கு முக்கியம். அந்த ஆசையை நாங்கள் மதித்தோம்.

அப்புறம்தான் ஸ்ட்ரோக்கர், அதாவது ஸ்ட்ரோக்கைக் கூட்டிய எஞ்சின், என்ற யோசனை வந்தது. அவருடைய மைத்துனர் ஷார்ஜாவில் பழைய உதிரிபாகக் கடைகளோடு பழக்கம் உள்ளவர். இதே எஞ்சின் குடும்பத்தில் வெளிநாட்டில் விற்ற பெரிய எஞ்சினின் கிராங்க் ஒன்று அவர் கைக்கு வந்திருந்தது. நம் எஞ்சினின் ஸ்ட்ரோக் 82 மி.மீ.; அந்தக் கிராங்குக்கு 92.

ஸ்ட்ரோக்கர் என்றால்

சிலிண்டரின் பரப்பை பிஸ்டன் ஓடும் தூரத்தால் பெருக்கி, சிலிண்டர்களின் எண்ணிக்கையாலும் பெருக்கினால் எஞ்சினின் கொள்ளளவு. சிலிண்டரின் உள்விட்டத்தை, அதாவது போரை (bore), பெரிதாக்கிக் கொள்ளளவைக் கூட்டலாம், ஆனால் இரண்டு சிலிண்டருக்கு நடுவே இருக்கும் இரும்பு சீக்கிரமே தீர்ந்துவிடும். ஸ்ட்ரோக்கைக் கூட்டினால் அந்தத் தடை இல்லை, வேறு தடைகள் வரும்.

கம்பெனிகளே இதைச் செய்கின்றன. இசுசுவின் 4ஜேகே1 டீசலும் 4ஜேஜே1 டீசலும் ஒரே 95.4 மி.மீ. போர் கொண்டவை. முதலாவதின் ஸ்ட்ரோக் 87.4 மி.மீ., இரண்டாவதின் ஸ்ட்ரோக் 104.9. அந்த வித்தியாசத்தில்தான் 2.5 லிட்டர் 3 லிட்டர் ஆகிறது. பழைய பெஜோ டீசலிலும் எக்ஸ்டி2 என்பது 94 × 83, எக்ஸ்டி3 என்பது 94 × 90.

பட்டறையில் செய்யும் ஸ்ட்ரோக்கருக்கு அமெரிக்காவில் ஜீப்பின் 4 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின் பேர்போனது. 1987 முதல் கொமான்சி பிக்கப்பில் வந்த எஞ்சின் அது. போர் 98.4 மி.மீ. அதில் பழைய 4.2 லிட்டர் எஞ்சினின் 98.9 மி.மீ. ஸ்ட்ரோக் கிராங்கைப் போடுவார்கள். போரை 0.76 மி.மீ. கூட்டினால் ஏறத்தாழ 4.6 லிட்டர் வரும். அங்கேயும் பெரிய விவாதம் கிராங்கைப் பற்றி இல்லை. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் ராடு 4.2-இன் 149.2 மி.மீ. ராடா, 4.0-இன் 155.6 மி.மீ. ராடா, எந்த ராடுக்கு எந்த பிஸ்டன் என்பதைப் பற்றித்தான்.

சட்டத்தின் பக்கம்

வேலை தொடங்கும் முன் இதைப் பேசி முடித்தோம். ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சினின் சிசி பதிவாகி இருக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதி இல்லாத மாற்றத்துக்கு உரிமையாளர் மீது ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று சேர்த்தார்கள்.

“அண்ணே, அப்போ ரோட்டுல எடுக்கவே கூடாதா?” என்று உரிமையாளர் மெக்கானிக்கைக் கேட்டார். “இந்த எஞ்சினோட எடுக்கக் கூடாது சார். விபத்துன்னு ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரன் முதல்ல பாக்குறதே அதான்” என்றார் அவர்.

எடுத்த முடிவு இரண்டு. ஒன்று, இந்த எஞ்சின் இருக்கும்வரை வண்டி தோப்புக்குள் மட்டும் ஓடும், வெளியே கொண்டுபோக வேண்டுமானால் லாரியில் ஏற்றித்தான். இரண்டு, வண்டியில் இருக்கும் எஞ்சின் மேல் கை வைக்கக் கூடாது. அதைக் கழற்றி, ஆயில் தடவி, பிளாஸ்டிக்கில் சுற்றி அப்படியே வைத்துவிட வேண்டும். வேலைக்கு வேறொரு எஞ்சினை புதுப்பேட்டையில், பில்லோடும் பழைய வண்டியின் பதிவு ரத்தான காகிதத்தோடும் வாங்கினோம். இரண்டாவது முடிவு செலவைக் கூட்டியது. அது எவ்வளவு சரியான முடிவு என்பது பிளாக் விஷயத்தில் தெரிந்தது.

அளந்ததும் கணக்குப் போட்டதும்

வாங்கிய எஞ்சினைப் பிரித்து முதலில் எடுத்த அளவு டெக் உயரம். கிராங்கின் மையக்கோட்டிலிருந்து பிளாக்கின் மேல்முகம் வரை உள்ள தூரம் அது. 219.4 மி.மீ. இருந்தது. மற்ற எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

பழைய கணக்கு: கிராங்கின் வீச்சு 41 (ஸ்ட்ரோக்கில் பாதி), ராடு 140, பிஸ்டனை ராடோடு கோக்கும் உருளையான பின்னின் (pin) மையத்திலிருந்து பிஸ்டன் தலை வரை 38. கூட்டினால் 219. பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது பிளாக் முகத்துக்கு 0.4 மி.மீ. கீழே நிற்கும்.

புதிய கிராங்கில் வீச்சு 46. பழைய ராடு, பழைய பிஸ்டனோடு கூட்டினால் 224. அதாவது பிஸ்டன் பிளாக்கை விட்டு 4.6 மி.மீ. வெளியே வந்து, சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டில் இடிக்கும். அந்த ஐந்து மி.மீட்டரை எங்கேயாவது குறைத்தாக வேண்டும். டெக்கை உயர்த்த முடியாது. ராடைக் குறைக்கலாம், ஆனால் குறைத்தால் ராடு அதிகம் சாய்ந்து பிஸ்டனைச் சிலிண்டர் சுவரில் தள்ளும். ராடு நீளத்தை ஸ்ட்ரோக்கால் வகுத்தால் பழைய எஞ்சினில் 1.71. அதே ராடை வைத்துக்கொண்டாலே புதியதில் 1.52 ஆகிறது. அதற்குமேல் குறைப்பதை நான் விரும்பவில்லை. ஆக ஐந்து மி.மீட்டரும் பிஸ்டனிலிருந்துதான் போக வேண்டும்.

கிராங்க் பட்டறைக்கு வந்த அன்று மெக்கானிக் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். “கிராங்க் உக்காந்துடுச்சுன்னா எஞ்சின் முடிஞ்ச மாதிரி தம்பி” என்றார். இந்தக் கணக்கைத் தாளில் போட்டு அவரிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அப்போ பிஸ்டன் தலையில அஞ்சு எம்.எம். லேத்ல சீவிடலாமா?” என்று கேட்டார். பல பட்டறைகளில் எழும் யோசனைதான் இது. ஒரு பழைய பிஸ்டனை ரம்பத்தால் நெடுக்கில் வெட்டிப் பார்த்தோம். தலையின் தடிமன் ஏழு மி.மீட்டரும் சொச்சமும். ஐந்தைச் சீவினால் மிஞ்சுவது இரண்டு சொச்சம், அதுவும் முதல் ரிங்கின் காடிக்கு மேலே அலுமினியமே இல்லாமல். எரியும் வாயுவின் சூட்டில் அது ஒரு நாள் கூடத் தாங்காது. வெட்டிய பாதியை மேசை மேல் வைத்ததும் அந்தப் பேச்சு முடிந்துவிட்டது.

பிஸ்டன் தேடியது

தேவை இதுதான்: 87 மி.மீ. போர் (ஓவர்சைஸ், அதாவது பழைய போரைவிட 1 மி.மீ. பெரியது), 22 மி.மீ. பின், பின் மையத்திலிருந்து தலை வரை 33. பின்னின் பாதியைக் கழித்தால் மேலே 22 மி.மீ. இடம். அதற்குள் வாயு கசியாமல் சிலிண்டர் சுவரோடு ஒட்டி நிற்கும் மூன்று ரிங்கும், அவற்றுக்கு நடுவில் உள்ள திண்டுகளும், தலையும் அடங்க வேண்டும். பழைய பிஸ்டனில் அந்த இடம் 27 மி.மீ.; ரிங்குகளும் தடிமனானவை. புதிய காலத்து கார் பிஸ்டன்களில் ரிங் மெல்லியது, அதனால் உயரம் குறைவு. எனவே தேட வேண்டியது நம் எஞ்சின் குடும்பத்தில் அல்ல, பிற்காலத்துக் கார்களில்.

கேட்டலாக்கைப் புரட்டி அளவு பொருந்தும் ஒரு செட்டைப் பிடித்தோம். வேறொரு காரின் ஓவர்சைஸ் பிஸ்டன் அது. தலையில் 6 சிசி பள்ளம். அந்தப் பள்ளம் எங்களுக்கு அதிர்ஷ்டம். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 476 சிசியிலிருந்து 547 ஆகிறது. ஹெட்டில் உள்ள 52 சிசி அறை மாறவில்லை. தட்டைத் தலை பிஸ்டன் போட்டிருந்தால், கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பதைச் சொல்லும் கம்ப்ரெஷன் விகிதம் 8.7-இலிருந்து 9.8-ஐத் தாண்டியிருக்கும். கார்புரேட்டரும் பழைய டிஸ்ட்ரிபியூட்டரும் வைத்து, சுமையோடு, சென்னை வெயிலில் ஓடும் எஞ்சினுக்கு அது அதிகம். பள்ளத்தோடு கணக்கு 9.1-இல் நின்றது.

புதிய பிஸ்டன் பழையதைவிட எடையும் குறைவு. நீண்ட ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் வேகமாக ஓட வேண்டியிருப்பதால் அந்தக் குறைவு ராடுக்கு நல்லது.

கிராங்க்

கிராங்கில் பேரிங்குக்குள் சுழலும் வழவழப்பான பகுதிகளை ஜர்னல் என்பார்கள். ராடு மாட்டுவது ராடு ஜர்னல், பிளாக்கில் உட்காருவது மெயின் ஜர்னல். இரண்டு கிராங்குக்கும் ராடு ஜர்னல் ஒரே அளவு. பிளைவீல் துளைகளும் பொருந்தின. மெயின் ஜர்னல் மட்டும் நம் பிளாக்கில் 60 மி.மீ., வந்த கிராங்கில் 62. அமெரிக்காவில் செவர்லேயின் 400 கன அங்குல எஞ்சினின் கிராங்கை 350 கன அங்குல பிளாக்கில் போடும்போதும் இதே நிலைதான், மெயினை அரைத்துச் சிறிதாக்குவார்கள்.

அரைப்பதற்கு முன் காந்தத் துகள் சோதனை செய்தோம். விரிசல் இல்லை. பிறகு சென்னையின் பாடி பகுதியில் உள்ள ஒரு கிரைண்டிங் பட்டறைக்குப் போனது. ஜர்னல் வளைந்து, கிராங்கின் பக்கச் சுவரான கன்னத்தோடு சேரும் மூலையில் ஒரு சிறு வளைவு இருக்கும், ஃபில்லட் என்பார்கள். கிராங்க் முறியும்போது பெரும்பாலும் அங்கேதான் முறியும். விட்டத்தில் 2 மி.மீ. எடுக்கும்போது கல்லின் ஓரம் கூராக இருந்தால் அந்த வளைவு போய், கத்தி வெட்டியது போன்ற மூலை மிஞ்சும். கிரைண்டிங் பார்த்தவர் ஒவ்வொரு ஜர்னலுக்கும் முன்னால் வைரமுனையால் கல்லின் ஓரத்தை உருட்டிச் சீர்செய்தார். ரேடியஸ் கேஜை மூலையில் வைத்து, பின்னால் டார்ச் அடித்து, வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனார். நேரம் ஆயிற்று. அவசரப்படுத்தக் கூடாத இடம் அது.

அரைத்த பின் கடினத்தன்மை சோதித்தால் மேல்தோல் போயிருந்தது. சூட்டில் நைட்ரஜனை ஏற்றி மேல்தோலைக் கடினமாக்கும் நைட்ரைடிங் செய்தாக வேண்டும் என்று முடிவானது, ஆனால் உடனே அல்ல. நைட்ரைடிங் ஆன கிராங்கில் அப்புறம் எதையும் வெட்டினால் செய்தது வீண். எனவே முதலில் டம்மி அசெம்பிளி, வெட்ட வேண்டியதை வெட்டுவது, பேலன்ஸிங், கடைசியில் நைட்ரைடிங், மெல்லிய பாலிஷ் என்று வரிசை வைத்தோம்.

டம்மி அசெம்பிளியும் முதல் பிளாக்கும்

ரிங் இல்லாமல் பிஸ்டன், ராடு, கிராங்க் எல்லாவற்றையும் பூட்டிக் கையால் சுற்றிப் பார்ப்பதுதான் டம்மி அசெம்பிளி. மூன்று இடங்களை அளந்தோம்.

வால்வு இடைவெளிக்கு, பிஸ்டன் தலையில் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை அப்பி, ஹெட்டை முறுக்கி, இரண்டு சுற்று சுற்றினோம். களிமண்ணை வெட்டி அளந்தால் மிகக் குறைந்த இடத்திலும் இரண்டரை மி.மீ. இருந்தது. பிரச்சினை இல்லை.

கீழே வரும்போது பிஸ்டனின் அடிப்பக்கச் சுவரான பாவாடை, கிராங்கின் சமன் எடையான கவுண்டர்வெயிட்டை நெருங்கியது. 0.8 மி.மீ. மட்டுமே. சூட்டில் ராடு நீளும், பேரிங் தேயும். குறைந்தது ஒன்றரை வேண்டும். கவுண்டர்வெயிட்டின் வெளிவிளிம்பை லேத்தில் 1.2 மி.மீ. சுற்றிலும் எடுத்தோம்.

மூன்றாவதுதான் தொல்லை. ராடு போல்ட்டின் தலை, சுற்றி வரும்போது ஒவ்வொரு சிலிண்டரின் அடிவிளிம்பிலும் இடித்தது. அடிவிளிம்பில் சிறு பள்ளம் வெட்டுவது ஸ்ட்ரோக்கர் வேலையில் வழக்கம். நான்கு மி.மீ. ஆழம் தேவைப்பட்டது. கையில் பிடிக்கும் கிரைண்டரால் கொஞ்சம் கொஞ்சமாக, சுற்றிப் பார்த்துப் பார்த்து வெட்டினார் மெக்கானிக். வெட்டியது சுத்தமாக இருந்தது.

அடுத்த நாள் பிளாக்கின் தண்ணீர் வழிகளை எல்லாம் அடைத்துக் காற்றழுத்தம் கொடுத்தோம். சோப்புத் தண்ணீர் தடவிக்கொண்டே வந்தபோது மூன்றாவது சிலிண்டரின் பள்ளத்து மேல்மூலையில் ஒரே ஒரு குமிழி உப்பியது. துடைத்தோம். மறுபடி அதே இடத்தில் உப்பியது. வார்ப்பின்போது உள்மணல் கொஞ்சம் நகர்ந்திருந்ததால் அந்தப் பக்கச் சுவர் மற்ற மூன்றைவிட மெல்லியதாக இருந்திருக்கிறது. வெளியே பார்த்தால் தெரியவே தெரியாது.

எபாக்ஸி வைத்து அடைக்கலாம், வார்ப்பிரும்பு வெல்டிங் போடலாம் என்று யோசனைகள் வந்தன. இரண்டையும் மறுத்தோம். போல்ட் நிமிடத்துக்கு ஐயாயிரம் முறை உரசாமல் கடந்துபோகும் இடம் அது. அங்கே ஒட்டிய பொருள் பெயர்ந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கும், பேரிங் போகும். வெல்டிங் சூட்டில் போர் கோணலாகும். அந்த பிளாக்கைக் கழித்துக் கட்டினோம். அதற்குச் செய்த போரிங் (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது), ஹோனிங் (சுவரைக் கல்லால் தேய்த்து நேர்த்தியாக்குவது) எல்லாம் அதோடு போயிற்று. இது வண்டியின் சொந்த பிளாக்காக இருந்திருந்தால் உரிமையாளரிடம் வெறும் பதிவுப் புத்தகமும் ஓடாத வண்டியும்தான் மிஞ்சியிருக்கும்.

மாங்காய் சீசனுக்குள் முடிக்க வேண்டும் என்பது திட்டம். அது கைவிட்டுப் போனது. “சீசன் அடுத்த வருஷமும் வரும். அவசரப்பட வேண்டாம்” என்று உரிமையாளர் சொன்னார். அந்தப் பொறுமை இல்லாவிட்டால் இந்த எஞ்சின் இப்படி முடிந்திருக்காது.

இரண்டாவது பிளாக்

இந்த முறை வாங்கும் முன்பே அளந்தோம். தடிமன் பார்க்கும் அல்ட்ராசானிக் கருவியோடு ஒருவரை அம்பத்தூரிலிருந்து அழைத்துப் போய், கடையில் கிடந்த பிளாக்குகளின் நான்கு சிலிண்டரிலும் அடிப்பக்கம் வைத்துப் பார்த்தோம். ஒன்றில் எல்லாப் பக்கமும் தடிமன் ஒரே மாதிரி இருந்தது. அதை எடுத்தோம்.

பள்ளத்தின் ஆழத்தையும் குறைத்தோம். ராடுக்குத் தலை சிறிய போல்ட் தேடிப் போட்டு, ராடின் தோள்பட்டையை ஒரு மி.மீ. அளவுக்கு உருட்டி அரைத்தோம். நான்கு ராடையும் எடை பார்த்துச் சமமாக்கினோம். போல்ட் மாறியதால் ராடுகளின் பெரிய கண்ணை மறுபடி ஹோன் செய்ய வேண்டியிருந்தது. இவ்வளவுக்குப் பிறகு பிளாக்கில் இரண்டு மி.மீ. வெட்டினாலே போதும் என்றானது. வெட்டிய பின் அதே காற்றழுத்தச் சோதனை. ஒரு குமிழியும் இல்லை.

கிராங்க் நைட்ரைடிங் முடிந்து வந்ததும் டயல் கேஜில் சுற்றிப் பார்த்தோம். வளைவு இல்லை. ஆடி முடிந்துதான் எஞ்சினைப் பூட்டினோம். மெயின் பேரிங் இடைவெளி, நசுங்கும் அகலத்தை வைத்து அளக்கும் மெல்லிய பிளாஸ்டிக் இழையான பிளாஸ்டிக்கேஜில், ஐந்திலும் 0.05 மி.மீட்டரை ஒட்டி வந்தது.

ஆர்.பி.எம். வரம்பையும் அப்போதே குறித்தோம். பழைய எஞ்சினுக்கு 5,600. 82 மி.மீ. ஸ்ட்ரோக்கில் அந்த வேகத்தில் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 15.3 மீட்டர். 92 மி.மீட்டரில் அதே பிஸ்டன் வேகம் 5,000-லேயே வந்துவிடும். எனவே 5,000-தான் எல்லை என்று டாக்கோமீட்டரில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தோம். கேம்ஷாப்ட் மாற்றவில்லை. கொள்ளளவு கூடும்போது அதே கேமின் இழுவை உச்சம் இன்னும் கீழ் ஆர்.பி.எம்.முக்கு இறங்கும், உரிமையாளர் கேட்டதும் அதுதான்.

ஓட்டிப் பார்த்தபோது

முதல் ஸ்டார்ட்டிலேயே பிடித்தது. ஆயில் பிரஷர் சூட்டிலும் நன்றாக நின்றது. ரன்னிங்-இன், அதாவது புது எஞ்சினை மெதுவாக ஓட்டிப் பழக்குவது, முடிந்து பார்த்த கம்ப்ரெஷன் அழுத்தம் நான்கு சிலிண்டரிலும் 168-க்கும் 172 பி.எஸ்.ஐ.க்கும் நடுவில்.

பிறகு சுமை ஏற்றிச் சரிவில் விட்டோம். இரண்டாம் கியரில் ஏறியது. ஆனால் 2,000 ஆர்.பி.எம். பக்கம் மிதித்தபோது எஞ்சினிலிருந்து கிணுகிணு என்று சத்தம். மெக்கானிக் உடனே கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். நாக்கிங், அதாவது கலவை சீராக எரியாமல் தானே வெடிப்பது. அதை ‘கொஞ்சம்தானே’ என்று விடுகிறவர்கள் பிறகு பிஸ்டனின் ரிங் திண்டு உடைந்து வருவார்கள்.

காரணம் இரண்டு. கம்ப்ரெஷன் கூடியது, குறைந்த ஆர்.பி.எம்.மில் சிலிண்டர் முன்பைவிட நன்றாக நிரம்புகிறது. ஆக எரிதல் வேகமாகிறது, பிளக்கில் பொறியை முன்கூட்டியே விடும் அளவான பழைய அட்வான்ஸ் அதிகமாகிவிட்டது. அதோடு கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட் பழைய 1905 சிசிக்கு, பழைய பெட்ரோலுக்கு அமைந்தது. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனாலில் ஆக்ஸிஜன் இருப்பதால் அதே காற்றுக்கு எரிபொருள் அதிகம் வேண்டும், பழைய ஜெட்டில் கலவை மெலிந்துவிடும். பொறி விடும் ஆரம்ப டைமிங்கை 10 டிகிரியிலிருந்து 7-க்கு இறக்கினோம். மெயின் ஜெட் இரண்டு அளவு பெரியதாகப் போட்டோம். எத்தனால் பழைய ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும் என்பதால் பெட்ரோல் ஹோஸ், பம்ப் டயாப்ரம் எல்லாம் புதிதாக மாற்றினோம். சத்தம் நின்றது. மூன்று வரிசை ரேடியேட்டர் போட்ட பின் சூடும் கட்டுக்குள் வந்தது.

இப்போதைய நிலை

ஒரு மாங்காய் சீசன் முழுக்க ஓடிவிட்டது. முதல் கியர் தேவைப்பட்ட சரிவில் அதே சுமையோடு இரண்டாம் கியரில், மிதிக்காமல் ஏறுகிறது. தோப்பில் ஓட்டும் டிரைவர் கியர் மாற்றுவது பாதியாகக் குறைந்துவிட்டது என்கிறார். பெட்ரோல் செலவு கொஞ்சம் கூடுதல். ஆயில் மாற்றும் இடைவெளியில் அரை லிட்டர் ஊற்ற வேண்டியிருக்கிறது. ராடு அதிகம் சாய்வதும் மெல்லிய ரிங்கும் சேர்ந்து இதற்குக் காரணம் என்பது என் கணிப்பு. பிளக் துளை வழியாகக் கேமரா விட்டுப் பார்த்ததில் சிலிண்டர் சுவரில் கீறல் இல்லை, ஹோனிங் கோடுகள் இன்னும் தெரிகின்றன.

செலவு, ஆரம்பத்தில் சொன்ன ஒன்றேகால் லட்சம் கிட்டத்தட்ட இரட்டிப்பானது. கூடியதில் பெரும்பங்கு முதல் பிளாக்கும் அதில் செய்த வேலையும்.

மறுபடி செய்தால்

பிளாக்கின் தடிமன் பரிசோதனை முதல் வேலையாக இருக்கும், எஞ்சின் வாங்கும் கடையிலேயே. சில ஆயிரம் ரூபாயில் முடிவது அது. ராடு போல்ட்டையும் தோள்பட்டையையும் சரிசெய்த பிறகுதான் பிளாக்கில் கிரைண்டர் வைப்போம்.

பிஸ்டனையும் கொஞ்சம் வேறு மாதிரி தேடுவேன். இப்போது பிஸ்டன் பிளாக் முகத்துக்கு 0.4 மி.மீ. கீழே நிற்கிறது, கேஸ்கட் தடிமன் 1.2, பிஸ்டனின் விளிம்புக்கும் ஹெட்டுக்கும் நடுவே 1.6 மி.மீ. இடைவெளி. அது 1.2-க்கு இறங்கினால், அமுக்கப்படும் கலவை விளிம்பிலிருந்து நடுவுக்குப் பீறிட்டு நன்றாகக் கலந்து எரியும், நாக்கிங் குறையும். அதற்கு உயரம் 33.4 வேண்டும், விகிதம் ஏறாமல் இருக்கத் தலையின் பள்ளம் 8 சிசிக்கு மேல் வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்த பிஸ்டன் கேட்டலாக்கில் இல்லை. அளவு சொல்லித் தனியாகச் செய்ய வேண்டும், பணமும் காலமும் கூடுதல். தோப்பு வண்டிக்கு அது தேவையா என்று உரிமையாளரிடம் கேட்டபோது, இப்போது ஓடுவதே போதும் என்றார். எனக்கும் அது சரியாகவே படுகிறது. டிஸ்ட்ரிபியூட்டரின் அட்வான்ஸ் ஸ்பிரிங்கை மட்டும் அடுத்த சர்வீஸில் கொஞ்சம் விறைப்பானதாக மாற்றப் போகிறோம். அது நடந்தால் ஆரம்ப டைமிங்கை ஒரு டிகிரி திரும்பக் கொடுத்துப் பார்க்கலாம்.